ஏழுகல் பாரிலிருந்து வந்த கனம்

கோடித்திட்டுக் கரையில் முதன்முதலாகக் கனம் வந்து இறங்கிய காலையில் கடல் எப்போதும்போலத்தான் இருந்தது, காற்றும் மாசி மாதத்துக் காற்றாகத்தான் வீசியது, ஏழுகல் பாரின் மேல் வலை வளைத்த ஆட்கள் தோள் இற்றுப்போகும்படி இழுத்து, படகின் விளிம்பு தண்ணீரைத் தொடும் அளவுக்குச் சாய்ந்து, இந்த வருஷம் முழுக்க வராத மீன்பாடு இன்றைக்கு ஒரே வலையில் வந்துவிட்டது என்று கூவிக்கொண்டே வலையின் மடியை உள்ளே கவிழ்த்தபோது, அதற்குள் ஒன்றும் இல்லை.

ஒன்றும் இல்லை என்றால் கண்ணுக்கு ஒன்றும் இல்லை. நிறைந்த மடியைக் கொட்டும்போது என்ன சத்தம் வருமோ அந்தச் சத்தம் வந்தது. பலகையில் வால்கள் அடித்தன. ஆட்களின் கணுக்காலில் ஈரமும் குளிர்ச்சியுமாக வந்து மோதின. படகு கனத்தில் இறங்கியபடியே நின்றது. படகோட்டி ரத்தினவேல் குனிந்து கையை விட்டுத் துழாவினான்; கை கொள்ளாமல் மீன் துள்ளியது. தூக்கிப் பார்த்தான். கைதான் இருந்தது.

"கானாங்கெளுத்திதான்," என்றான், வேறு என்ன சொல்வதென்று தெரியாமல். "நல்ல சைசு."

வலையில் வந்ததைக் கரைக்குக் கொண்டுவராமல் கடலிலேயே விட்டுவரும் வழக்கம் அந்த ஊரில் யாருக்கும் இல்லை. ஆகவே கொண்டுவந்தார்கள்.

கரையில் அளவுப் பலகையோடு காத்திருந்தவள் ரத்தினவேலின் தங்கை அருள்மதி. கோடித்திட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் அவள்தான். மீன்வள ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் ஒப்பந்த வேலை. தினமும் கரைக்கு வந்து, இறங்குகிற மீனில் பெரிது சிறிது பார்க்காமல் கொஞ்சம் எடுத்து, நீளம் அளந்து, நிறுத்து, வயிற்றைக் கீறிச் சினை எந்தப் பருவத்தில் இருக்கிறது என்று பார்த்து நகரத்துக்குச் சொல்ல வேண்டும். நகரத்தில் இருப்பவர்கள் இதுபோலப் பல கரைகளிலிருந்து வந்ததைச் சேர்த்துவைத்து, கடலுக்குள் யாரும் பார்க்காமல் திரிகிற மீன்களைப் பற்றி ஒரு முடிவுக்கு வருவார்கள்.

அப்படி வந்த முடிவைத் தை மாதக் கடைசியில் மாரியம்மன் கோயில் வாசலில், ஊர்ப் பஞ்சாயத்துக்கு முன்னால் எடுத்துச் சொல்லுகிற பொறுப்பும் அவள் தலையில்தான் விழுந்தது. கடலுக்கடியில் கல்லும் பாசியும் மண்டிய மேட்டை அந்தக் கரையில் பார் என்பார்கள். ஏழுகல் பாரில் மாசியிலும் பங்குனியிலும் கானாங்கெளுத்தி கூடி முட்டையிடுகிறது. பிடிபடுகிற மீனின் நீளம் வருஷத்துக்கு வருஷம் குறைகிறது. பெரும்பாலானவை ஒரு தடவைகூட முட்டையிடாமல் வலைக்கு வந்துவிடுகின்றன. ஆகவே பங்குனி முடிகிறவரை பாரின் மேல் யாரும் வலை போடாமல் இருந்தால் மீன்கூட்டம் தேறி வர வாய்ப்பிருக்கிறது. இவ்வளவையும் அவள் நாக்கு உலர உலரச் சொல்லி முடித்தாள்.

"வாய்ப்பிருக்குன்னா? வருமா வராதா?" என்றார் தேசிங்கு நாட்டார். அந்த வருஷம் பஞ்சாயத்துக்குத் தலைமை அவர். எதையும் ஒரே கேள்வியில் முடித்துவிட வேண்டும் அவருக்கு.

"வரலாம் மாமா."

"இப்ப எவ்வளவு கெடக்கு கடல்ல?"

"சரியா சொல்ல முடியாது மாமா. இதுலேர்ந்து இதுக்குள்ள இருக்கலாம்னு..."

"நாம வுட்டா பக்கத்தூரு பூவந்திக்குப்பத்தான் வந்து வழிச்சிட்டுப் போவானே?"

"அங்கயும் சொல்லியிருக்காங்க. அவங்களும் கேக்கலாம்."

மீன் விற்கிற அமுர்தம் பெண்கள் பக்கத்திலிருந்து குரல் கொடுத்தாள். "ஏன்டி அருளு, நாளைக்கு நீ கல்யாணம் கட்டிக்கிட்டாலும் மாப்புளகிட்ட 'புள்ள பொறக்கலாம், பொறக்காமயும் இருக்கலாம்'னுதான் சொல்லுவியா?"

கோயில் வாசல் முழுக்கச் சிரித்தது. அருள்மதியும் சிரித்துவைத்தாள். வரும் என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பாதிப் பேராவது காது கொடுத்திருப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் கடலைப் பற்றி அப்படி அடித்துச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. தெரிந்த அளவுக்கு மேல் ஒரு சொல் சொன்னாலும் தான் படித்த படிப்பு பொய்யாகிவிடும் என்று ஒரு பயம் அவளுக்கு எப்போதும் இருந்தது. மாசி பிறந்தது. படகுகள் பாருக்குப் போயின. போன முதல் வாரத்திலேயே கனம் வந்தது.

முதல் நாள் ஊர் பயந்தது. இரண்டாம் நாள் எல்லாப் படகிலும் அதுவே வந்தபோது பயப்படுவதற்கு நேரம் இல்லாமல் போனது, ஏனென்றால் கூடைகளை இறக்க வேண்டியிருந்தது, ஐஸ் உடைக்க வேண்டியிருந்தது, ஏலம் விட வேண்டியிருந்தது. வெறுங்கூடையைத் தராசில் வைத்தார்கள், முள் ஓடிப்போய் நின்றது; முள் சொன்னால் ஏலக்காரர் கூவித்தானே ஆக வேண்டும், கூவினார். வெளியூர் வியாபாரிகள் கூடைக்குள் கையை விட்டுப் பார்த்து, செவுளைத் தடவிப் பார்த்து, புது மீன்தான் என்று தலையாட்டி லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அமுர்தம் ஒரு பெரிய அன்னக்கூடை நிறைய எடுத்து, சும்மாடு கட்டித் தலையில் வைத்து, கழுத்து உள்ளே இறங்க உள்ளூர்த் தெருக்களில் நடந்தாள். "கண்ணால பாத்து வாங்குனது போதும்மா, காதால கேட்டு வாங்குங்க! எப்புடி அடிக்குது பாரு வாலு! நாறாத மீனு, கெடாத மீனு, பூனைக்குத் தெரியாத மீனு!" வாங்கினார்கள். அரிவாள்மனையில் வைத்து அறுக்கும்போது எலும்பு நறுக்கென்றது, ஆனால் அறுத்த துண்டு ஒவ்வொன்றும் துள்ளியது. குழம்பு கொதிக்கும்போதும் சட்டிக்குள் வாலடிக்கும் சத்தம் கேட்டது. சாப்பிட்டார்கள். வயிறு நிரம்பியது, ஏப்பம்கூட வந்தது. சாப்பிட்டவர்கள் படுத்துக்கொண்டு, வயிற்றுக்குள் ஏதோ திரும்பித் திரும்பிப் படுப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

மாசி பாதி தாண்டுவதற்குள் பிள்ளைகளின் அரைஞாண் கயிறு இடுப்பில் நிற்காமல் வழிந்தது. உள்ளூர்த் தெருவில் பெண்கள் கதவைத் திறக்கவில்லை. லாரிகள் வருவது நின்றது. அப்போதும் படகுகள் பாருக்குப் போய்க்கொண்டுதான் இருந்தன, ஏனென்றால் இன்றைக்கு வராத நல்ல மீன் நாளைக்கு வரும் என்பது இல்லாமல் அந்தத் தொழில் இல்லை. கனத்தைக் கடலிலேயே கொட்டிவிட்டு வந்தால் மறுநாள் அதே கனம் அதே வலையில் ஏறியது. கரையில் கொட்டினால் மணல் அங்கே குழிந்து உட்கார்ந்தது. கொட்ட இடம் இல்லாமல் கூடை கூடையாக வலைக்கூடத்திலும், மூடிக்கிடந்த ஐஸ் கொட்டகையிலும், கல்யாண மண்டபத்திலும், கடைசியில் அவரவர் வீட்டுக் கொல்லையிலும் அடுக்கினார்கள்.

அது சாகவில்லை. அதுதான் ஊரை உருக்கியது. எந்த மீனும் தண்ணீரை விட்டு வந்தால் கொஞ்ச நேரம் அடித்துவிட்டு ஓய்ந்துவிடும், இது ஓயவில்லை. ஈரக்கையால் ஈரக்கையில் தட்டுகிற மாதிரி, காலையிலும் மதியத்திலும் சாயங்காலத்திலும், கூடைகளுக்குள்ளிருந்து சுவர்களுக்குப் பின்னாலிருந்து அந்தச் சத்தம் வந்துகொண்டே இருந்தது. ஊர் அதற்கும் பழகியது. பேசுகிறவர்கள் குரலை உயர்த்திப் பேசினார்கள். பூசாரி மணியை நீட்டி அடித்தார். குழந்தைகள் அந்தத் தாளத்துக்குப் பாண்டி ஆடின. தூளியில் போட்ட பிள்ளைகள் அந்தச் சத்தம் இல்லாத இடத்துக்குத் தூக்கிப்போனால் அழுதன.

அருள்மதி தன் வேலையை விடவில்லை. தினமும் ஒரு கூடையிலிருந்து எடுத்து, பலகையில் அழுத்திப் பிடித்து, மூக்கு நுனியையும் வாலின் பிளவையும் விரலால் தடவிக் கண்டுபிடித்து அளந்தாள். நகரத்தில் அதிகாரியிடம் போனில் சொன்னாள். "படம் எடுத்து அனுப்பும்மா," என்றார் அவர். வெறுங்கூடையையும் ஓடி நின்ற முள்ளையும் படம் எடுத்து அனுப்பினாள். நல்ல மனிதர், கொஞ்சம் யோசித்துவிட்டு, "தராசை மாத்திப் பாரும்மா," என்றார்.

ஆனால் அளக்க அளக்க அவள் விரலுக்கு ஒன்று தெரிந்தது. அவை எல்லாம் ஒரே வயது. போன மாசியில் பிறந்திருந்தால் இந்த மாசிக்கு எவ்வளவு வளர்ந்திருக்குமோ அவ்வளவு நீளம், ஒன்றுகூட விலகாமல். போன மாசியில் பாரிலிருந்து வந்த மீன்களின் வயிற்றைக் கீறியவள் அவள்தான். சினை கட்டியாக, மஞ்சளாக, இன்னும் கொஞ்ச நாளில் உதிரத் தயாராக இருந்ததைப் பார்த்தவளும் அவள்தான்.

தேசிங்கு நாட்டாரிடம் போய்ச் சொன்னாள். "போன வருசம் நாம அள்ளுன சினையில பொறந்திருக்க வேண்டியதுங்களா இது இருக்கலாம் மாமா."

"இருக்கலாம்," என்றார் அவர், அவளை நிமிர்ந்து பார்க்காமல். அவர் கண்கள் தூக்கமில்லாமல் சிவந்திருந்தன; அவர் வீட்டுக் கொல்லையில்தான் ஊரிலேயே அதிகக் கூடைகள் இருந்தன. "இருந்தா என்ன பண்ணச் சொல்ற? பாருக்குப் போவாம இருந்தா இந்தச் சத்தம் நின்னுடுமா?"

நிற்கும் என்று சொல்ல அவளுக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்துவிட்டாள்.

வீட்டில் அண்ணி அபிராமி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். ஊரே குரலை உயர்த்திப் பேசிய அந்த நாட்களில் தாழ்ந்த குரலில் பேசியது அவள் ஒருத்திதான். அவளுக்கும் ஒரு போன மாசி இருந்தது. கோடித்திட்டில் ஒரு பெண் முழுகாமல் இருந்தால் ஒவ்வொரு படகும் தன் பாட்டில் வருகிற நல்ல சினையை அறுத்து அவள் வீட்டுக்கு அனுப்பும். சினை தின்றால் வயிறு தங்கும் என்று ஒரு முறை. போன மாசியில் ஊரில் பிள்ளை சுமந்தவள் அபிராமி மட்டும்தான், அதனால் பாரின் சினை அத்தனையும் தட்டுத் தட்டாக அவள் வீட்டுக்கே வந்தது. பங்குனி நடுவில் பிள்ளை மூச்சில்லாமல் பிறந்தது.

இன்னொரு முறையும் அந்த ஊரில் உண்டு. ஒரு வீட்டில் சாவு விழுந்தால், பிணம் வாசலைத் தாண்டுகிறவரை கோடித்திட்டில் ஒரு படகும் மணலை விட்டு நகராது. அந்த வீட்டு மருமகள் எந்த ஊர்ப் பெண்ணோ அந்த ஊர்ப் படகுகளும் நகராது. பெரிய படகு, சின்னப் படகு, பகையாளி படகு, எதுவும். ஆனால் மூச்சில்லாமல் பிறந்ததற்கும் பேர் வைப்பதற்கு முன் போனதற்கும் அந்த முறை கிடையாது. பெண்கள் இரண்டு பேர் துணியில் சுற்றி எடுத்துப்போய் சவுக்குத் தோப்போரம் புதைத்துவிட்டுக் கால் கழுவிவிடுவார்கள். அன்றைக்கும் அப்படித்தான். பாரில் மீன் கூடியிருந்த நாள். போகாதே என்று ரத்தினவேலிடம் யாரும் சொல்லவில்லை, அவனும் போனான். அதற்குப் பிறகு அபிராமி அவனுக்குச் சோறு போட்டாள், துணி துவைத்தாள், சட்டைக்குப் பித்தான் தைத்தாள். 'என்னங்க' என்று கூப்பிடுவதை மட்டும் விட்டுவிட்டாள்.

அருள்மதி நாட்டாரிடம் சொன்னதை அண்ணியிடமும் சொன்னாள். அபிராமி முறத்தைக் கீழே வைத்தாள். "எல்லாம் போன மாசிச் சினையா?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் விடிந்து படகுகளைத் தண்ணீருக்குத் தள்ளிக்கொண்டிருந்த நேரத்தில், ஒரு வருஷமாகக் கரைப் பக்கம் வராத அபிராமி வந்தாள். ஐஸ் கொட்டகைக்குள் போய் ஒரு கூடையின் முன் குந்தி, உள்ளே கையை விட்டு, ஒன்றை எடுத்து வைத்து, இன்னொன்றை எடுத்து வைத்து, கடைசியில் ஒன்றை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு எழுந்தாள். ஒரு கை அதன் தலைக்கு அடியில் இருந்தது. பின்னால் வந்த அருள்மதி அதைப் பார்த்து வழி விட்டு ஒதுங்கினாள்.

வீட்டில் அதை மணையில் கிடத்தி, மஞ்சள் கரைத்த தண்ணீரை ஊற்றினாள். ஊற்றியபோது ஒரு நொடி தண்ணீருக்கு ஒரு வடிவம் வந்து, பிறகு வழிந்துபோனது. அது மீனின் வடிவம்தானா என்று கேட்டால் அருள்மதியால் சொல்ல முடியாது. பழக்க தோஷத்தில் அவள் தராசை எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். அதைக் கதவுக்குப் பின்னால் வைத்துவிட்டாள்.

அபிராமி அதை ஒரு புதுத் துண்டில் சுற்றி நடுக்கூடத்தில் வைத்து, தலைமுடியை அவிழ்த்துவிட்டு, வாசலில் வந்து உட்கார்ந்து, மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். ஒரு வருஷமாக வாசலுக்கு வராத அழுகை அது. வந்ததும் தெருவைத் தாண்டிக் கடற்கரைக்குப் போனது. இடுப்பளவுத் தண்ணீரில் நின்றவர்கள் அப்படியே நின்றார்கள். சாவு அழுகை கேட்டால் படகில் வைத்த கையை எடுத்துவிட வேண்டும்; யோசித்துச் செய்கிற காரியம் இல்லை அது, கை தானாக எடுக்கும்.

தேசிங்கு நாட்டார் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். "யாரும்மா? யாரு போயிட்டா?"

"எங்க வூட்டுப் புள்ள."

"உங்க வூட்டுல ஏது புள்ள?" என்றவர் உள்ளே எட்டிப் பார்த்தார். துண்டு துடித்தது. "அபிராமி. அது மீனும்மா."

"மீனு எங்க மாமா இருக்கு? காட்டுங்க."

"தோ துடிக்குதே. உசுரோட கெடக்கறதுக்கு எவனாவது எழவு கொட்டுவானா?"

"பொறந்தாத்தான் மாமா சாவும். பொறக்க வுடலியே நாம. அதான் போவவும் தெரியாம, இருக்கவும் தெரியாம அடிச்சிக்கிட்டே கெடக்கு."

கூட்டம் சேர்ந்துவிட்டது. நாட்டார் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைக் குறைத்தார். "சரி, அப்புடியே வச்சிக்க. அதுக்கு நீ எப்புடி ஆத்தா ஆவ?"

"போன மாசியில படகு படகா சினைய அறுத்து யாருக்குக் குடுத்து வுட்டீங்க? உங்க படகுலேர்ந்து வரல? அமுர்தக்கா, நீ கொண்டாந்து குடுக்கல? தின்னவ நான். இதுங்க அத்தனையும் போன வயிறு இதுதான். நான் ஆத்தா இல்லன்னா வேற எவ, சொல்லுங்க?"

 எல்லா வீட்டுக் கொல்லைகளிலிருந்தும் அந்தத் தட்டுகிற சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. அமுர்தம்தான் முதலில் அசைந்தாள். தலையிலிருந்த அன்னக்கூடையை இறக்கி வைத்துவிட்டு, அபிராமியின் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் தோளில் கையைப் போட்டு, "ஏ எஞ் சாமி..." என்று எடுத்துக் கொடுத்தாள். அதற்குப் பிறகு ஒவ்வொருத்தியாக வந்து உட்கார்ந்தார்கள்.

நாட்டார் அருள்மதியின் பக்கம் திரும்பினார். "நீ படிச்சவ. நீ சொல்லு. இது செத்ததா, உசுரா?"

செத்தது என்று சொன்னால் போதும், படகுகள் நிற்கும், தை மாதத்தில் கோயில் வாசலில் அவள் கேட்டது இன்றைக்குக் கிடைத்துவிடும். அந்தச் சொல் அவள் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. "தெரியாது மாமா," என்றாள்.  "நான் அளந்தேன். செத்ததா உசுரான்னு எனக்குத் தெரியாது. ஆனா இப்ப, இந்த நேரத்துல, பார் மேல சினை மீனு நிக்குது. இந்த மாசியும் அத அள்ளுனா அடுத்த மாசிக்கும் இதேதான் வந்து அடிக்கும்னு எனக்குத் தோணுது. தப்பா இருந்தா இந்த வருசத்துப் பாடு போச்சு, அதுக்கு என்னை வையுங்க. வேற ஒண்ணும் சொல்லத் தெரியல."

 நாட்டார் கடல் பக்கம் திரும்பிச் சத்தமாகச் சொன்னார். "ஆத்தா சொல்லிட்டா. அப்பன் சொல்லணும். கொள்ளிக்கு உரியவன் வாசல்ல வந்து சொல்லாம கடல் மறியல் கெடையாது. அதான் முறை."

ரத்தினவேல் தண்ணீரில் படகைப் பிடித்தபடி நின்றிருந்தான். அலை வந்து அவன் இடுப்பில் அடித்துவிட்டுப் போனது. அந்தப் பருவம் போனால் அடுத்த தை வரைக்கும் வீட்டில் அடுப்பு எப்படி எரியும் என்று அவனுக்குத் தெரியும். ஊர் முழுக்க அவனையே பார்க்கிறது என்றும் தெரியும். படகிலிருந்து கையை எடுத்தான். மணலில் ஏறி வந்து, சட்டையைக் கழற்றி, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, தன் வீட்டு வாசலில் தரையில் உட்கார்ந்தான்.

"எங்க வூட்டுல சாவு மாமா," என்றான். "படகெல்லாம் நிறுத்தச் சொல்லுங்க."

அபிராமி அழுகையை நிறுத்தி அவனைப் பார்த்தாள். "உள்ள வந்து பாருங்க," என்றாள்.

அன்றிலிருந்து கோடித்திட்டு சாவு வீடாக இருந்தது. துடிக்கிற உடம்பை எந்த முறையிலும் வாசல் தாண்டி எடுக்க முடியாது. எடுக்காதவரை எந்தப் படகும் நகர முடியாது. செய்தி கேட்டுப் பூவந்திக்குப்பத்திலிருந்து அபிராமியின் தாய்வீட்டார் கோடித் துணியோடும் அரிசியோடும் வந்தார்கள், சம்பந்தி ஊரில் பிணம் கிடக்கும்போது கடலுக்குப் போகிற ஊர் அது இல்லை என்பதால் அவர்கள் படகுகளும் மணலில் ஏறின. வந்தவர்கள் ஆண்கள் தனியாகப் பெண்கள் தனியாக உட்கார்ந்தபோது, தங்கள் ஊரிலும் கூடை கூடையாக அது இருக்கிறது, வெளியே சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டிருந்தோம் என்று மெதுவாகச் சொன்னார்கள்.

பசி வந்தது. வெளியூர் உறவினர்கள் அனுப்பிய அரிசியைப் பங்கு போட்டுக் கஞ்சி வைத்தார்கள். ஆண்கள் சவுக்கு வெட்டவும் சித்தாள் வேலைக்கும் போனார்கள். வேலை கிடைக்காதவர்கள் வாசலில் உட்கார்ந்து அருள்மதியைத் திட்டினார்கள். அவள் அந்த வழியாகவே தினமும் போய் வந்தாள். ஒரு நாள் நாலைந்து இளவட்டங்கள் பொறுக்க முடியாமல் ஒரு படகைத் தள்ளிக்கொண்டு தண்ணீர் வரைக்கும் போய்விட்டார்கள். அமுர்தம் முன்னால் போய் நின்றுகொண்டாள். "போடா, போ. நாளைக்கு உங்க ஆத்தாள நடுவூட்டுல கெடத்திட்டும் இப்புடித்தான் வலைய எடுத்துக்கிட்டு ஓடுவியா?" அவர்கள் படகைத் திரும்ப ஏற்றினார்கள். அதற்குப் பிறகு யாரும் தள்ளவில்லை.

மாசி போய்ப் பங்குனி வந்தது. அருள்மதி ஐஸ் கொட்டகையில் கூடைகளை நிறுத்துப் பார்த்தபோது முள் முன்பு போய் நின்ற இடத்துக்குப் போகவில்லை. மறுநாள் இன்னும் பின்னால் நின்றது. தராசை மாற்றிப் பார்த்தாள், அதிலும் அப்படியே. சத்தமும் மெலிந்துகொண்டு வந்தது. முதலில் கல்யாண மண்டபம் ஓய்ந்தது, பிறகு வலைக்கூடம், பிறகு ஒவ்வொரு கொல்லையாக. ஒரு மதியம் நாட்டார் வீட்டுக் கூடைகள் அடங்கியபோது, அவர் கொல்லைப் படியில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனார், சாப்பிட எழுப்பியும் எழவில்லை. தாழ்ந்த குரலில் பேசுவது எப்படி என்று ஊர் மறுபடி கற்றுக்கொண்டது. அபிராமி வீட்டு நடுக்கூடத்தில் இருந்தது மட்டும் கடைசிவரை துடித்தது. அவளும் ரத்தினவேலும் அதன் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். சில நாட்களில் அவர்கள் ஏதோ பேசிக்கொள்வது வெளியே கேட்டது.

பங்குனிக் கடைசியில் ஒரு காலை, "என்னங்க," என்றாள் அபிராமி. அவன் துண்டின் மேல் கையை வைத்துப் பார்த்தான். வைத்தபடியே இருந்தான்.

தூக்கியபோது அதில் துணியின் கனம்கூட இல்லாத மாதிரி இருந்தது. இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு வாசலைத் தாண்டினான், இரண்டு ஊர் ஆண்களும் பின்னால் வந்தார்கள். சவுக்குத் தோப்பை நெருங்கியதும் நின்று, வழக்கத்துக்கு மாறாகக் கூடவே வந்திருந்த தங்கையைத் திரும்பிப் பார்த்தான்.

"எங்க?" என்று கேட்டான்.

போன வருஷம் புதைக்கப் போன இரண்டு பேரில் அவள் ஒருத்தி. அடையாளம் எதுவும் வைக்கவில்லை. முன்னால் நடந்து போய், மூன்று மரங்கள் நெருங்கி நிற்கிற இடத்தில் நின்று, "இங்க," என்றாள். அவன் அதன் பக்கத்திலேயே மண்டியிட்டு, மண்வெட்டியை வாங்காமல், கையால் தோண்டினான்.

மறுநாள் படகுகள் போகலாம். யாரும் முதல் ஆளாகப் போக விரும்பவில்லை. வலையை மடித்துப் போட்டுக்கொண்டு, கயிற்றைச் சரிபார்த்துக்கொண்டு, அடுத்தவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு கரையில் நின்றார்கள். ரத்தினவேல்தான் இறங்கினான். அருள்மதி பலகையோடு வந்து படகருகில் நின்றாள். கோடித்திட்டில் பெண்கள் படகில் ஏறுவதில்லை. அவள் நாட்டாரைப் பார்த்தாள். அவர் கடலைப் பார்த்தபடி, "ஏறிக்க," என்றார்.

பாருக்கு மேல் வலையை வளைத்தார்கள். இழுக்கத் தொடங்கியபோது பழைய பழக்கத்தில் காலை ஊன்றி, மூச்சைப் பிடித்து, உடம்பைப் பின்னால் சாய்த்தார்கள். வலை தடையில்லாமல் ஓடி வந்ததில் இரண்டு பேர் மல்லாந்து விழுந்தார்கள். மடி உள்ளே வந்தது. யாரும் தொடவில்லை. ரத்தினவேல் மெல்லக் கையை உள்ளே விட்டான், மூலை மூலையாகத் துழாவினான், எதுவும் மோதவில்லை, எதுவும் துள்ளவில்லை. அது வெறும் வலை, தண்ணீர் சொட்டுகிற வெறும் நைலான். அவன் அதை முகத்தில் வைத்துக்கொண்டு சிரித்தான், அழுதான், எதுவென்று தெரியவில்லை. "ஒண்ணுமில்ல அருளு," என்றான். "ஒண்ணுமே இல்ல!"

வாழ்நாளில் வெறும் வலைக்கு அவர்கள் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

அருள்மதி எட்டிக் குனிந்து, குடிக்க வைத்திருந்த டம்ளரால் கடலை மொண்டாள். தெளிந்த தண்ணீர்தான் என்று நினைத்து வெளிச்சத்தில் பிடித்தாள். தண்ணீர் அவளைத் திரும்பிப் பார்த்தது. டம்ளர் நிறையக் கண்கள், கடுகைவிடச் சிறியவை, கறுப்பு, இரண்டிரண்டாக. அவற்றின் உடம்பு கண்ணாடிபோல இருந்ததால் கண்கள் மட்டும் தண்ணீரில் தொங்கி நடுங்கின. கூர்ந்து பார்த்தபோது அவற்றுக்குப் பின்னால் மயிரிழையளவு வால்கள் அசைவது தெரிந்தது. படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தாள். படகுக்கு அடியில், வலையின் கண்ணிகளுக்குள் வந்தும் போயும், பார் கிடந்த அகலத்துக்கும் அவைதான். எல்லாம் மேலே பார்த்துக்கொண்டிருந்தன.

அண்ணனும் மற்றவர்களும் குனிந்து பார்த்தார்கள். "எத்தனை இருக்கும்?" என்று கேட்டான் ஒருவன், கிசுகிசுத்து.

அவள் டம்ளரைத் தண்ணீர் மட்டத்துக்குக் கொண்டுபோய், ஒன்றுகூட விளிம்பில் ஒட்டாமல் பார்த்து, சாய்த்துவிட்டாள். எஞ்சினைக் கிளப்பக் கயிற்றில் கை வைத்தவனை ரத்தினவேல் தடுத்தான்.

"கிளப்பாதடா," என்றான். "எஞ்சின் காத்தாடி குஞ்சுங்கள வெட்டிப்புடும்."

துடுப்பையும் போடத் துணியவில்லை. கையைக் காலை உள்ளே இழுத்துக்கொண்டு, பேசாமல், அந்தக் கண்கள் விலகி வழி விடுகிறவரை நீரோட்டம் கொண்டுபோகிற பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள்.